மனநலம் கேள்வி-பதில்: அந்தப் பீடியையாவது விட்டுவைக்கலாமா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் புகையிலையை விட முடியும், விடவும் வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை எடுத்துக்கொண்டுவிட்டன. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாய், மனைவி, அக்கா, தங்கை. நோயாளியின் சட்டைப்பையில் இருக்கும் தீப்பெட்டியை அன்றாடம் பார்க்கிறவர்கள் அவர்கள்தாம்.

டாக்டர் அம்மா, நான் பீடி சுற்றிப் பிழைக்கிறவள். என் மகனுக்குச் சிறு வயதிலேயே மனச்சிதைவு நோய் வந்துவிட்டது. பல மாத்திரைகள் மாற்றி, கடைசியில் குளோசபின் கொடுத்த பிறகுதான் தனக்குத்தானே பேசுவது குறைந்தது. கை ஓங்குவதும் நின்றது. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி பிடிக்கிறான். காசு கொடுக்காவிட்டால் நான் சுற்றி வைத்ததிலிருந்து எடுத்துக்கொள்கிறான். எண்ணிக்கை குறைந்தால் என் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். இரவெல்லாம் இருமல். டாக்டரிடம் கேட்டால், "பாவம், அவனுக்கு வேறு என்ன சுகம் இருக்கிறது? அதுவாவது இருக்கட்டும். நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்" என்கிறார். நிறுத்தலாமா, கூடாதா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், தென்காசி மாவட்டம்

நிறுத்தலாம் அம்மா. நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மகன் சாப்பிடுவது குளோசபின் என்பதால், டாக்டருக்குத் தெரியாமல் ஒரே நாளில் பீடியைப் பறித்துவிடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

குளோசபினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். பீடிப் புகையில் இருக்கும் தார்ப் பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிடுகின்றன. மாத்திரை வேகமாகக் கரைந்து போகிறது. அதனால் புகைபிடிக்கிறவருக்கு அதிக அளவு மாத்திரை தேவைப்படுகிறது. உங்கள் மகனுக்கு இப்போது கொடுக்கும் அளவும் இரண்டு கட்டு பீடியோடு சேர்த்துக் கணக்கிட்ட அளவாகத்தான் இருக்கும். திடீரென்று பீடி நின்றால், ஒரு வாரத்துக்குள் கல்லீரல் பழைய நிதானத்துக்கு வந்துவிடும். அதே மாத்திரை, ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஒன்றரை மடங்கு, சிலருக்கு அதற்கும் மேலே ஏறிவிடலாம். அளவுக்கு மீறிய தூக்கம், தலையணை நனையும்படி எச்சில் ஒழுகுவது, நெஞ்சு படபடப்பு, கடுமையான மலச்சிக்கல், சிலருக்கு வலிப்பு. ஒலான்சபின் மாத்திரைக்கும் இது பொருந்தும். அதில் ஆபத்து சற்றுக் குறைவு.

இதற்குத் தீர்வு பீடியைத் தொடர்வதல்ல. மாத்திரையைக் குறைப்பது. நிறுத்தும் வாரத்திலேயே குளோசபினில் ஏறக்குறைய கால் பங்கைப் படிப்படியாகக் குறைத்து, முக்கால் பங்குக்குக் கொண்டுவருவது வழக்கம். வசதி இருக்கும் இடங்களில் ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்ப்பார்கள். இதை டாக்டர்தான் செய்ய வேண்டும். நீங்களாக மாத்திரையை ஒடித்துக் கொடுக்கக் கூடாது. குளோசபினுக்காக அவ்வப்போது ரத்தப் பரிசோதனைக்குப் போவீர்கள் அல்லவா, அந்த நாளில் "இவன் பீடியை விடப் போகிறான், மாத்திரை அளவை என்ன செய்யலாம்?" என்று நேராகக் கேளுங்கள். இப்படிக் கேட்டால் எந்த டாக்டரும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

"நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பார்த்தது இதற்கு நேர்மாறானது. ஒருவரை வார்டில் சேர்க்கிறார்கள். அங்கே பீடி கிடையாது. மாத்திரை முழுதாக வேலை செய்கிறது, நன்றாகத் தெளிகிறார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே பெட்டிக்கடையில் ஒரு கட்டு வாங்கிப் பற்றவைக்கிறார். சில நாட்களில் ரத்தத்தில் மருந்து இறங்குகிறது, காதில் குரல்கள் மறுபடி கேட்கின்றன. "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று குடும்பம் வேறு டாக்டரைத் தேடிப் போகிறது. டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டில் எங்கேயும் பீடி என்ற சொல்லே இருக்காது. இந்தக் கதையை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

பீடி அவருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நிக்கோட்டின் ஏறும் சில நிமிடங்களுக்குக் கவனம் கூர்மைப்படும். மாத்திரையால் வரும் விறைப்பும் மந்தமும் கொஞ்சம் தளர்ந்தது போலிருக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு அவர் கொடுக்கும் விலை என்ன? கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலையால் போகிறவர்கள் உண்டு. ஆனால் பெரும்பகுதி மாரடைப்பு, நுரையீரல் நோய், சர்க்கரை, புற்றுநோய் என்று உடல் நோய்களால் போகிறவர்கள். உங்கள் மகனைக் குரல்களிடமிருந்து மீட்டுக்கொண்டுவர நீங்கள் பட்ட பாட்டை, ஐம்பது வயதில் ஒரு நெஞ்சுவலி வந்து வீணாக்கிவிடக் கூடாது. "வேறு என்ன சுகம் இருக்கிறது" என்று இரக்கப்படுகிறவர்கள், வேறு சுகத்துக்கு வழி செய்யட்டும்.

வழிமுறைக்கு வருகிறேன். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைத்தால் அது கடும் அடிமைத்தனம். வெறும் அறிவுரை போதாது, மருந்து வேண்டும். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் உங்கள் மகனுக்கு ஏற்றது. தினமும் ஒன்றை நீங்களே ஒட்டிவிடலாம். இடையில் ஆசை வரும்போது நிக்கோட்டின் சூயிங்கம். இரண்டும் சேர்ந்தால், ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் அதிகம். கவனியுங்கள்: கல்லீரலை முடுக்கிவிடுவது புகைதானே தவிர நிக்கோட்டின் அல்ல. எனவே பேட்ச் ஒட்டியிருந்தாலும் குளோசபின் அளவை மாற்றியே ஆக வேண்டும். ஐம்பது பீடியை இருபதாகக் குறைக்கும்போது மாத்திரை அளவில் பெரிய மாற்றம் தேவைப்படாது. கடைசிப் பத்திலிருந்து பூஜ்யத்துக்கு வரும் கட்டத்தில்தான் விழிப்பு வேண்டும். மூன்று மாதத்தில் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். இவர்களுக்கு மற்றவர்களைவிட நீண்ட காலம் மருந்தும் துணையும் தேவைப்படும். நடுவில் வழுக்கி விழுந்தால் மறுபடி ஆரம்பிக்கலாம்.

அவன் நாளைப் பீடிதான் பங்குபோட்டு வைத்திருக்கிறது என்பதையும் யோசியுங்கள். எழுந்ததும் ஒன்று, டீ குடித்ததும் ஒன்று, மத்தியானச் சோற்றுக்குப் பின் ஒன்று, சும்மா இருக்கும் நேரமெல்லாம் வரிசையாக. அந்த இடைவெளிகளில் வேறு எதையாவது வைக்காமல் பீடியை மட்டும் எடுத்தால் அவன் நாள் வெறுமையாகிவிடும். ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவது, நூலகத்தில் பேப்பர் படிப்பது, தண்ணீர்க் குடம் எடுத்து வருவது என்று எதுவானாலும் சரி, நேரம் குறித்துக் கொடுங்கள்.

உங்கள் தொழிலை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. பிழைப்பு அது. ஆனால் அவன் நிறுத்தும் முதல் மாதத்தில், சுளகைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்ற முடியுமா என்று பாருங்கள். சுற்றி முடித்த கட்டுகளையும் அங்கேயே பூட்டி வையுங்கள். அந்தத் தூள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உங்கள் உடம்புக்குள்ளும் போகிறது. காற்றோட்டமான இடத்தில் உட்காருவதும், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுவதும் உங்களுக்கும் நல்லது. அவனுக்குச் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் இந்த வாரமே எடுங்கள். விடாத இருமலை "பீடி இருமல்" என்று ஒதுக்கிவிட்டுக் காசநோயைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மனைவி இறந்த பிறகு மனச்சோர்வு. மாத்திரை சாப்பிடுகிறேன். சிகரெட் பிடித்தால்தான் மனம் அமைதியாகிறது. ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன்; நான்கு நாட்கள் தூக்கமில்லை, எரிச்சல், அழுகை. எனக்குச் சிகரெட்டும் ஒரு மருந்துதான் என்று விட்டுவிட்டேன். சரிதானே?
– வாசகர், கும்பகோணம்

சரியல்ல ஐயா. அந்த நான்கு நாட்கள் உங்களைப் படுத்தியது நிக்கோட்டின் இல்லாத தவிப்பு. அது முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் தணிந்துவிடும். நீங்கள் மிகக் கடினமான பகுதியைக் கடந்துகொண்டிருந்தபோது திரும்பி வந்துவிட்டீர்கள். தினமும் நடப்பதும் இதே கதைதான்: கடைசிச் சிகரெட்டின் நிக்கோட்டின் இறங்கியதும் பதற்றம் ஏறுகிறது, அடுத்தது அதைத் தணிக்கிறது, "அமைதி தந்தது" என்ற பெயர் அதற்குப் போய்ச் சேருகிறது. 2014-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகரெட்டை விட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. ஏற்கெனவே மனநோய் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். அந்த முன்னேற்றம் மனச்சோர்வு மாத்திரைகள் தரும் அளவுக்கு இருந்தது.

உங்கள் ஊரைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. மேலே சொன்ன குளோசபினை உடைக்கும் கல்லீரல் நொதிதான் (என்சைம்) காபியில் இருக்கும் கஃபீனையும் உடைக்கிறது; புகை முடுக்கிவிடுவது அதைத்தான். சிகரெட் நின்றதும் கஃபீன் உடம்பில் நெடுநேரம் தங்கும். வழக்கம்போல் நான்கு தம்ளர் டிகிரி காபி குடித்தால் கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். பழியைச் சிகரெட்டை நிறுத்தியதன் மேல் போடுவோம். அடுத்த முறை நிறுத்தும் அன்றே காபியைப் பாதியாக்குங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வேண்டாம். மனச்சோர்வு மாத்திரையைத் தொடருங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை உங்கள் டாக்டரைப் பாருங்கள். மனம் மிகவும் கீழே போனால் அந்த நாளே போங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

எனக்கு 29 வயது. இருமுனை மனநோய்க்கு லித்தியம் எடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நோய் கட்டுக்குள் இருக்கிறது. சிகரெட்டை நிறுத்த உதவும் வேரெனிக்ளின் என்ற மாத்திரை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று நண்பன் சொல்கிறான். பயமாக இருக்கிறது.
– வாசகர், சென்னை

உங்கள் நண்பர் சொல்வது ஒரு காலத்தில் அரசாங்கமே சொன்னதுதான். 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மாத்திரைக்குக் கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. பிறகு அதைச் சோதித்துப் பார்க்க 16 நாடுகளில் 8,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஆய்வு நடந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் உங்களைப் போல மனநோய் இருந்து கட்டுக்குள் வைத்திருப்பவர்கள். 2016-இல் முடிவு வந்தது. மனநோய் உள்ள அந்தப் பாதிப்பேரில், வேரெனிக்ளின் எடுத்தவர்களில் 6.5 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க மனநலத் தொந்தரவு. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 4.9 சதவீதம். இந்த வித்தியாசம் மருந்தால் வந்தது என்று சொல்லப் போதுமானதல்ல என்பது ஆய்வாளர்களின் முடிவு. சிகரெட்டை விடவைத்ததில் வேரெனிக்ளின்தான் முதலிடம். அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் கறுப்புக் கட்டத்தை நீக்கிவிட்டார்கள். எச்சரிக்கை வந்த செய்தி ஊரெல்லாம் பரவியது. நீங்கிய செய்தி பல டாக்டர்களையே எட்டவில்லை என்பதுதான் என் வருத்தம்.

2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதையும், சிகரெட்டை நிறுத்த உதவும் இன்னொரு மருந்தான புப்ரோபியானையும் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. புப்ரோபியான் உங்களுக்கு முதல் தேர்வு அல்ல. அது மனச்சோர்வுக்கான மருந்து, இருமுனை நோயில் மனத்தை மறுமுனைக்கு, அதாவது அளவுகடந்த எழுச்சிக்கு, தள்ளிவிடலாம். வலிப்பு உள்ளவர்களுக்கும் அது கூடாது.

வேரெனிக்ளினைச் சிகரெட் நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் குமட்டல் குறையும். கனவுகள் துல்லியமாக, சில சமயம் விசித்திரமாக வரும், பயப்பட வேண்டாம். வழக்கமாக 12 வாரம் கொடுப்போம். மனச்சிதைவும் இருமுனை நோயும் உள்ளவர்களிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 12 வாரத்தில் விட்டவர்களுக்கு ஓராண்டு வரை மாத்திரையையும் ஆலோசனையையும் நீட்டித்துப் பார்த்தது. ஆண்டு முடிவில் அவர்களில் 60 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள். போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 19 சதவீதம். எனவே சீக்கிரம் நிறுத்தச் சொல்லி டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். தூக்கம் குறைந்து பேச்சு வேகமெடுத்தால் உங்களுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும்.

என் கணவர் குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இப்போது சிகரெட் மூன்று பாக்கெட். "ஒவ்வொன்றாகத்தான் விட முடியும், சிகரெட்டைத் தொட்டால் குடி திரும்பிவிடும்" என்று கூட்டத்துக்கு வருகிறவர்கள் சொல்கிறார்களாம்.
– வாசகி, சேலம்

முதலில் உங்கள் கணவருக்கு என் வாழ்த்து. எட்டு மாதம் பெரிய காரியம். அவர் போகும் கூட்டம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) என்று ஊகிக்கிறேன். 1935-இல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், உயிர் போகும்வரை குடியைத் தொடவில்லை. ஆனால் 1971-இல் நுரையீரல் சிதைந்து இறந்தார். வாழ்நாளெல்லாம் சிகரெட் பிடித்தவர். லட்சக்கணக்கானவர்களைக் குடியிலிருந்து மீட்ட மனிதரைப் புகை கொண்டுபோனது என்பது எனக்கு ஆறாத விஷயம். அவர் தனி ஆளும் அல்ல. அமெரிக்காவில் குடிக்குச் சிகிச்சை பெற்ற 845 பேரை நெடுநாள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 1996-இல் வந்தது. அவர்களில் இறந்தவர்களில் பாதிப்பேர் புகையிலை நோய்களால் போயிருந்தார்கள். குடியால் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு.

சிகரெட்டை விட்டால் குடி திரும்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. போதைக்கான சிகிச்சையோடு புகைப்பழக்கத்தை விடுவதற்கும் சிகிச்சை பெற்றவர்கள் நெடுங்காலம் குடிக்காமலும் போதைப்பொருள் தொடாமலும் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம் என்று ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2004-லேயே காட்டியது. யோசித்தால் புரியும்: குடியும் சிகரெட்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தவை. தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356-க்கு அவரையே பேசச் சொல்லுங்கள். நீங்கள் பேசினால் பலன் பாதிதான்.

என் தம்பியை ஒரு தனியார் மனநல இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். சொன்ன வேலையைச் செய்தால் மாலையில் இரண்டு சிகரெட் கொடுக்கிறார்கள். பேச்சுக் கேட்காவிட்டால் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போவதற்கு முன்பு அவன் புகைத்ததே இல்லை. கேட்டால், "இது இல்லாவிட்டால் இவர்களைக் கட்டுப்படுத்த முடியாது" என்கிறார்கள்.
– வாசகி, திருச்சி

இதைப் படித்துவிட்டு எனக்கு நெடுநேரம் மனம் ஆறவில்லை. சிகிச்சைக்கு அனுப்பிய பிள்ளைக்கு ஓர் அடிமைத்தனத்தைக் கற்றுக்கொடுத்து, அதே கயிற்றால் கட்டி மேய்க்கிறார்கள். வேலை வாங்கிக்கொண்டு கூலியாகச் சிகரெட் கொடுப்பதை எந்தச் சட்டமும் ஏற்காது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், இல்லத்தில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்கு உரிய ஊதியம் தர வேண்டும் என்கிறது. மருத்துவமனை உள்ளிட்ட பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. முதலில் இல்லத்தின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால், அதே மனநலச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். அது உங்கள் தம்பியின் உரிமை.

"கட்டுப்படுத்த முடியாது" என்பதற்கும் பதில் இருக்கிறது. லண்டனின் தென்பகுதியில் மாட்ஸ்லி உள்ளிட்ட மனநல மருத்துவமனைகளை நடத்தும் அறக்கட்டளை, 2014 அக்டோபரில் தன் வளாகம் முழுவதிலும் புகையைத் தடைசெய்தது. கலவரம் வெடிக்கும் என்று ஊழியர்களே பயந்தார்கள். நிக்கோட்டின் மருந்துகளைத் தாராளமாகக் கொடுத்தார்கள். பின்னர் கணக்குப் பார்த்தபோது அடிதடி 39 சதவீதம் குறைந்திருந்தது. சிகரெட்டுக்காகக் கெஞ்சுவதும் மறுப்பதும் கடன் வாங்குவதும்தான் வார்டில் பாதிச் சண்டைக்குக் காரணம் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தம்பி குளோசபின் அல்லது ஒலான்சபின் சாப்பிட்டால், மேலே தென்காசித் தாய்க்கு எழுதியதை இல்லத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கல்லூரி மாணவன். பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். புகைப்பதில்லை. உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைப் பை மட்டும். இதுவும் மாத்திரையைப் பாதிக்குமா?
– வாசகர், கோயம்புத்தூர்

புகை இல்லாததால் மாத்திரையின் அளவை அது மாற்றாது, தம்பி. உன் பதற்றத்தை மாற்றும். பையை வைத்த சில நிமிடங்களில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். அந்தப் படபடப்பைத்தான் நீ பதற்றநோய் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்பாய். ஒரு வாரம், பை வைத்த நேரத்தையும் நெஞ்சு படபடத்த நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் குறித்து டாக்டரிடம் காட்டு. விடுவதற்கு 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் உதவும். வழக்கமான சூயிங்கம் போல் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. மிளகுக் காரம் தெரியும்வரை மெல்ல மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்கு முந்தைய கால் மணி நேரம் டீ, காபி, குளிர்பானம் வேண்டாம். பை வைக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால், அடுத்த தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டிவிடு.